கம்ப்யூட்டர் பாடம் எங்கிருந்து துவங்குவது?

நம் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் விஞ்ஞானம் கற்றுக் கொடுக்க வேண்டுமா? இந்தக் கேள்விக்கு "வேண்டாம்" என்று சொல்பவர் இன்று யாருமில்லை. சர்க்கார் வேண்டும் என்கிறது. பெற்றோர் வேண்டும் என்கிறார்கள். கம்பெனிக்காரர்கள் எல்லோரையும்விட உரத்த குரலில் வேண்டும் என்கிறார்கள். இப்படி எல்லோரும் ஒரே வார்த்தையைச் சொல்லும்போது, அந்த வார்த்தைக்கு அவரவர் என்ன அர்த்தம் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டுப் பார்ப்பது நமது கடமை.

2020-ல் கொரோனாவால் பள்ளிக்கூடங்கள் மூடிக் கிடந்த நாட்களை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆறு வயதுக் குழந்தை 'கோடிங்' கற்காவிட்டால் அதன் எதிர்காலமே பாழ் என்று டெலிவிஷனிலும் செல்போனிலும் விளம்பரங்கள் பொழிந்தன. பாடம் படித்த ஒரு சிறுவனுக்குக் கோடிக் கணக்கில் சம்பளத்தோடு வேலை கிடைத்துவிட்டது என்றுகூட ஒரு கம்பெனி விளம்பரம் செய்தது. அப்படி ஒரு சிறுவனே கிடையாது என்பது பின்னால் வெளிவந்தது! விளம்பரத் தரக் கவுன்சில் தலையிட்ட பிறகு சில விளம்பரங்கள் விலக்கிக் கொள்ளப்பட்டன. ஆனால் அதற்குள் எத்தனை நடுத்தரக் குடும்பங்கள் கடன் வாங்கிப் பணம் கட்டின என்பதற்குக் கணக்கு இல்லை.

இது ஒரு கோடி. மறு கோடியில் இருப்பது, பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் பாடம் என்ற பெயரில் நடப்பது. மௌஸைப் பிடிப்பது எப்படி, கோப்பைத் திறப்பது எப்படி, எழுத்தைத் தடிமனாக்குவது எப்படி, படத்தை ஒட்டுவது எப்படி - பாடம் முடிந்தது! தையல் யந்திரத்துக்கு எண்ணெய் விடவும் ஊசி மாட்டவும் கற்றவனைத் தையற்காரன் என்று யாராவது சொல்வார்களா? துணியை அளந்து வெட்டத் தெரிந்தால்தான் தையற்காரன். கம்ப்யூட்டர் விஷயத்தில் மட்டும் எண்ணெய் விடுவதையே கல்வி என்று சொல்லி நம் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்புகிறோம்.

அப்படியானால் வெட்டும் வித்தை எது?

சிலேட்டில் ஒரு கணக்கு

மத்திய ஆசியாவில் க்வாரிஸம் என்று ஒரு பிரதேசம். ஒன்பதாம் நூற்றாண்டில் அங்கிருந்து வந்த அல்-க்வாரிஸ்மி என்ற கணித மேதை பாக்தாத் நகரில் இருந்து நூல்கள் எழுதினார். இந்திய எண்களைக் கொண்டு கணக்குப் போடும் முறையை விளக்கி அவர் எழுதிய நூல் பின்னர் லத்தீனுக்குப் போயிற்று. அவருடைய பெயரே ஐரோப்பியர் வாயில் திரிந்து 'அல்காரிதம்' ஆயிற்று. ஒரு வேலையை எந்த வரிசையில், எந்தெந்தப் படிகளில் செய்தால் நிச்சயமாக முடியும் என்று ஐயத்துக்கு இடமின்றி எழுதி வைப்பதுதான் அல்காரிதம். 1979-ல் அந்த க்வாரிஸம் மண்ணிலேயே, சோவியத் உஸ்பெக்கிஸ்தானின் உர்கெஞ்ச் நகரில், உலகக் கம்ப்யூட்டர் விஞ்ஞானிகள் கூடினார்கள். கூட்டியவர்களில் ஒருவர் சோவியத் விஞ்ஞானி எர்ஷோவ். மற்றொருவர் அமெரிக்க விஞ்ஞானி நூத். பனிப்போர் நடந்துகொண்டிருந்த காலத்தில் இந்த இருவரும் ஒரு பழைய கணக்காசிரியரின் பெயரால் சேர்ந்து உட்கார்ந்தது எனக்குப் பிடித்த செய்தி.

அல்காரிதம் என்றதும் பயப்பட வேண்டாம். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு மீப்பெரு பொது வகுத்தி தெரியும். அதைக் கண்டுபிடிக்க இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே யூக்ளிட் ஒரு வழி சொல்லியிருக்கிறார். சிலேட்டில் இப்படி எழுதலாம்:

துவக்கம்.
இரண்டு எண்களும் சமமாக இல்லாதவரை, பெரிய எண்ணிலிருந்து சிறியதைக் கழி. பெரியது இருந்த இடத்தில் மீதியை எழுது.
சமமானதும் நிறுத்து, அந்த எண்ணே விடை.
முடிவு.

252, 105 என்ற இரண்டு எண்களை எடுத்துக் கொள்ளுங்கள். 252-ல் 105 போக 147. மறுபடியும் 105 போக 42. இப்போது 105 பெரியது. அதில் 42 போக 63. மறுபடியும் 42 போக 21. கடைசியில் 42-ல் 21 போக 21. இரண்டும் சமம். விடை 21. ஐந்து கழித்தலில் வேலை முடிந்தது. பெருக்கல் வாய்ப்பாடுகூட வேண்டியதில்லை!

எங்கள் சங்கக் கட்டிடத்தில் மாலை வேளையில் சுற்றுவட்டாரப் பிள்ளைகளுக்குப் பாடம் நடக்கிறது. எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றவன் நான். பெரிய வகுப்புப் பாடம் எடுக்கும் தோழர்கள் வேறு. ஆள் வராத ஒரு நாள் இந்தக் கணக்கைப் பலகையில் எழுதிப் போட்டேன். பிள்ளைகள் ஆளுக்கு இரண்டு எண்களைச் சொல்லிக் கழித்துக்கொண்டே போனார்கள். ஒரு சிறுமி மட்டும், "5-ம் பூஜ்யமும் கொடுத்தால்?" என்று கேட்டாள். செய்து பார்த்தோம். 5-ல் பூஜ்யம் போக 5. மறுபடியும் 5. மறுபடியும் 5. விடியும் வரை கழித்தாலும் முடியாது! வகுப்பே சிரித்தது. கட்டளையை எழுதியவர் நினைத்துப் பாராத ஒரு எண் வந்துவிட்டது. கட்டளையோ தன்பாட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது. "ஒரு எண் பூஜ்யமானால் மற்ற எண்ணே விடை" என்று ஒரு வரி சேர்க்க வேண்டும் என்று பிள்ளைகளே சொன்னார்கள்.

கம்ப்யூட்டர் விஞ்ஞானத்தின் அஸ்திவாரங்கள் பலவும் இந்தச் சிலேட்டில் இருக்கின்றன. படிகளின் வரிசை இருக்கிறது. "என்றால்" என்ற நிபந்தனை இருக்கிறது. "அதுவரை" என்று திரும்பத் திரும்பச் செய்வது இருக்கிறது. முடியுமா முடியாதா என்ற விசாரணை இருக்கிறது. மின்சாரம்தான் இல்லை.

சோவியத் பள்ளிகளில் நடந்தது

யந்திரம் இல்லாமலே ஒரு தேசம் முழுவதும் இந்தப் பாடத்தைத் துவக்கிய வரலாறு ஒன்று உண்டு. நம்மில் பலரும் அறியாதது.

மேலே சொன்ன ஆந்த்ரே எர்ஷோவ் 1931-ல் பிறந்தவர். மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் படித்து, சைபீரியாவில் நோவோசிபிர்ஸ்க் அருகே விஞ்ஞானிகளுக்காகவே கட்டப்பட்ட நகரத்தில் வேலை செய்தவர். பெரிய பெரிய கம்ப்யூட்டர்களுக்குப் புரோகிராம் எழுதுவதில் உலகப் புகழ் பெற்றவர், எழுபதுகளில் பள்ளிப் பிள்ளைகள் பக்கம் திரும்பினார். அவரோடு சேர்ந்த இளைஞர் ஸ்வெனிகரோத்ஸ்கி பிள்ளைகளுக்கென்றே எளிய கட்டளை மொழிகளை உருவாக்கினார். நோவோசிபிர்ஸ்கில் கோடைகாலப் பள்ளி நடத்தினார்கள். தொலைதூரத்துப் பிள்ளைகளுக்கு 'குவாந்த்' என்ற விஞ்ஞானப் பத்திரிகை வழியாகத் தபாலில் பாடம் போயிற்று. ஸ்வெனிகரோத்ஸ்கி 1984-ல் முப்பத்திரண்டு வயதிலேயே காலமானார். 'புரோகிராமிங் முதற் பாடங்கள்' என்ற அவருடைய புஸ்தகம் அடுத்த ஆண்டுதான் வெளிவந்தது.

1981-ல் சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் நடந்த உலக மாநாட்டில் எர்ஷோவ் பேசினார். புரோகிராமிங் என்பது இரண்டாவது எழுத்தறிவு என்பது அந்தப் பேச்சின் தலைப்பு. அச்சு யந்திரம் வந்தபோது எழுதப் படிக்கத் தெரிவது ஒரு சிறு கூட்டத்தின் தனிச்சொத்தாக இல்லாமல் எல்லோருக்கும் அவசியமாயிற்று. கம்ப்யூட்டர் வந்ததும் அதேபோல் இந்த அறிவும் எல்லோருக்கும் அவசியமாகும் என்பது அவருடைய வாதம்.

1985 மார்ச் 28-ல் சோவியத் கட்சியும் சர்க்காரும் சேர்ந்து தீர்மானம் போட்டன. அதே ஆண்டு செப்டம்பர் 1-ம் தேதி, நாடு முழுவதும் ஒன்பதாம் வகுப்பில் புதிய பாடம் துவங்கிவிட்டது. ஐந்தே மாதம்! பாடபுஸ்தகத்தின் முதல் பாகம் எர்ஷோவ், மொனாகோவ் ஆகிய இருவரின் மேற்பார்வையில் தயாராயிற்று. கணக்கு ஆசிரியர்களும் பௌதிக ஆசிரியர்களும் அந்தக் கோடை விடுமுறையில் பயிற்சிக்குப் போனார்கள்.

ஆனால் யந்திரம்? பெரும்பாலான பள்ளிகளில் இல்லை. 'அகாத்', 'பி.கே.-0010' போன்ற உள்நாட்டு யந்திரங்களின் உற்பத்தி தேவைக்கு ஈடு கொடுக்கவில்லை. ஜப்பானிலிருந்து யமஹா கம்பெனியின் கம்ப்யூட்டர்களையும் வாங்கினார்கள். அவையும் கொஞ்சம் பள்ளிகளுக்கே போதுமாயிருந்தன.

இங்கேதான் எர்ஷோவின் புத்திசாலித்தனம் தெரிகிறது. நோட்டுப் புஸ்தகத்தில் பென்சிலால் எழுதக்கூடிய ஒரு மொழியை அவர் பாடத்தில் வைத்தார். பள்ளி அல்காரித மொழி என்று அதற்குப் பெயர். அதில் ஆங்கில வார்த்தை ஒன்றுகூடக் கிடையாது. 'நாச்' என்றால் துவக்கம். 'கோன்' என்றால் முடிவு. 'யெஸ்லி' என்றால் "ஒருவேளை இப்படியானால்". 'பக்கா' என்றால் "அதுவரை". எல்லாம் ரஷ்யக் குழந்தை வீட்டில் பேசுகிற வார்த்தைகளும் அவற்றின் சுருக்கங்களும். முதலில் அன்னிய மொழி, அதற்குப் பிறகுதான் அறிவு என்ற நிபந்தனை அங்கே இல்லை. மாணவன் கட்டளையை எழுதுவான். பக்கத்தில் கட்டம் போட்டு, ஒவ்வொரு படியிலும் எந்த எண் என்ன ஆகிறது என்று தானே யந்திரமாக இருந்து நிரப்புவான்.

இதில் குறை இல்லையா? நிச்சயமாக இருந்தது. யந்திரத்தையே பார்க்காமல் யந்திரத்தைப் பற்றிப் படிப்பது, தண்ணீரில் இறங்காமல் நீச்சல் கற்பது போல என்று அந்நாட்டிலேயே கேலி செய்தார்கள். கோடை விடுமுறையில் பயிற்சி பெற்ற ஆசிரியர் தமக்கே புரியாததைப் பலகையில் எழுதிப் போட, பிள்ளைகள் பார்த்து எழுதிய வகுப்புகளும் இருந்திருக்கும். இதை மூடி மறைப்பதில் யாருக்கும் லாபமில்லை. மாஸ்கோ பல்கலைக்கழகத்தினர் இந்தக் குறையைத் தீர்க்க வழி தேடினார்கள். எர்ஷோவின் காகித மொழியையே யந்திரத்தில் ஓட வைத்தார்கள். கட்டம் போட்ட தளத்தில் நகரும் 'ரோபோ' ஒன்றை மாணவன் தன் தாய்மொழிக் கட்டளையால் நடத்தலாம். 'குமிர்' என்ற பெயரில் அந்த ஏற்பாடு இன்றும் ரஷ்யாவில் உயிரோடு இருக்கிறது. 1988 டிசம்பரில் எர்ஷோவ் காலமானார். 1991-ல் சோவியத் யூனியனே கலைந்தது. பாடமும் மொழியும் நிலைத்து நின்றன.

அதே காலத்தில் நம் நாட்டிலும் ஒரு திட்டம் துவங்கியது என்பதைச் சொல்லியாக வேண்டும். 1984-85-ல் 'கிளாஸ்' என்ற பெயரில், பிரிட்டனிலிருந்து 'பி.பி.சி. மைக்ரோ' கம்ப்யூட்டர்களைத் தருவித்து, முதலில் 250 பள்ளிகளுக்குக் கொடுத்தார்கள். லட்சக்கணக்கான பள்ளிக்கூடங்கள் உள்ள தேசத்தில் 250! அங்கே யந்திரம் குறைவு, பாடம் எல்லோருக்கும். இங்கே யந்திரம் போன இடத்துக்கு மட்டும் பாடம். இரண்டில் எது மேல் என்று வாசகர்களே முடிவு செய்யட்டும்.

பரீட்சை எழுதாமல் பெயிலானவர்கள்

இந்த அறிவு எதற்கு? வேலைக்கு என்பார்கள். வேலைக்கும்தான். ஆனால் அது மட்டும்தானா?

பிரிட்டனில் நடந்ததைப் பாருங்கள். அங்கே பள்ளிகளில் வெகுகாலம் எண்ணெய் விடும் பாடம்தான் நடந்தது. 2012 ஜனவரியில் அந்நாட்டு ராயல் சொசைட்டி, இது விஞ்ஞானக் கல்வி அல்ல என்று கடுமையாக அறிக்கை கொடுத்தது. 2014 செப்டம்பரிலிருந்து இங்கிலாந்தின் சர்க்கார் பள்ளிப் பாடத்திட்டத்தில் ஐந்து வயது முதலே அல்காரிதம் பாடமாயிற்று.

ஆறு ஆண்டு கழிந்தது. 2020-ல் கொரோனாவால் பள்ளி இறுதிப் பரீட்சை ரத்தானது. ஆசிரியர்கள் தம் மாணவர்களுக்கு மதிப்பீடு எழுதி அனுப்பினார்கள். பரீட்சை அதிகாரிகள் அதை அப்படியே ஏற்கவில்லை. ஒரு சூத்திரத்தில் போட்டார்கள். அந்தப் பள்ளி முந்தைய ஆண்டுகளில் என்ன ரிசல்ட் வாங்கியதோ அதை வைத்து, இந்த ஆண்டு மாணவனின் மார்க்கை ஏற்றி இறக்கும் சூத்திரம் அது. ஆகஸ்ட் 13-ல் முடிவு வந்தது. இங்கிலாந்தில் பத்துக்கு நான்கு மதிப்பீடுகள் ஆசிரியர் கொடுத்ததைவிடக் குறைந்திருந்தன! ஏழைப் பகுதிப் பள்ளியில் முதல்முறையாக ஒரு நல்ல மாணவி வந்தாலும், அவளுக்கு முன்னால் படித்தவர்களின் மார்க் அவள் தலையில் விழுந்தது. மிகச் சிறிய வகுப்புகளில் ஆசிரியர் மதிப்பீடே செல்லும் என்று ஒரு விதிவிலக்கு. சிறிய வகுப்புகள் எங்கே அதிகம்? பணக்காரர் படிக்கும் தனியார் பள்ளிகளில்!

சூத்திரம் எழுதிய கனவான்கள் ஏழைகளுக்கு விரோதமாகச் சதி செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்கள் ஒரு வரி எழுதினார்கள். அந்த வரி யார் மேல் போய் விழும் என்று பார்க்கவில்லை. 5-ம் பூஜ்யமும் கொடுத்தால் என்ன ஆகும் என்று கேட்க அங்கே ஒரு சிறுமி இல்லை. மாணவர்கள் சும்மா இருக்கவில்லை. லண்டனில் கல்வி இலாகா வாசலில் கூடி, அல்காரிதத்துக்கு எதிராகவே கோஷம் போட்டார்கள். ஆகஸ்ட் 17-ல் சர்க்கார் பணிந்தது. ஆசிரியர் மதிப்பீடே செல்லும் என்றது. பிறகு பிரதம மந்திரி, அல்காரிதம் விகாரமாகிவிட்டது என்ற பொருளில் பள்ளிப் பிள்ளைகள் முன் பேசினார். ஏதோ காட்டு மிருகம் தானாகக் கட்டை அவிழ்த்துக்கொண்டது போல! எழுதியது மனிதர்கள், எழுதச் சொன்னதும் மனிதர்கள் என்பது அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாதா என்ன?

நம் ஊரில் உணவுப் பொட்டலம் சுமந்து மோட்டார் சைக்கிளில் ஓடும் இளைஞனைக் கேளுங்கள். அவனுக்கு மேஸ்திரி கிடையாது, செல்போன்தான் மேஸ்திரி. எந்த ஆர்டர் யாருக்கு, எவ்வளவு கூலி, எப்போது ஊக்கத்தொகை, எப்போது கணக்கு முடக்கம் எல்லாம் அதில்தான் வருகிறது. "ஏன் குறைந்தது?" என்று கேட்டால், "சிஸ்டம் அப்படி" என்கிறார்கள். ரேஷன் கடையில் கைரேகை விழாத கிழவிக்கும் அதே பதில். பழைய நாளில் லேவாதேவிக்காரன் எழுதிய பத்திரத்தில் விவசாயி கைநாட்டு வைத்தான். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது. இராப்பள்ளிக்கூடங்களை நடத்தியவர்கள் அவனுக்கு இலக்கியம் படிக்கவா எழுத்து சொல்லிக் கொடுத்தார்கள்? முதலில் அந்தப் பத்திரத்தைப் படிக்கத்தான்.

"செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது, யந்திரமே புரோகிராம் எழுதிவிடும், இனிமேல் பிள்ளைகள் எதற்கு இதைக் கற்க வேண்டும்?" என்று சில மேதாவிகள் இப்போது கேட்கத் துவங்கியிருக்கிறார்கள். எழுதட்டும். பத்திரத்தை லேவாதேவிக்காரனின் குமாஸ்தா எழுதினாலும் யந்திரம் எழுதினாலும் படித்துப் பார்க்காமல் கைநாட்டு வைக்க முடியுமா? யந்திரம் எழுதித் தருவதில் எந்த எண்ணுக்குப் பதில் இல்லை, எங்கே முடியாமல் சுற்றும் என்று கேட்கத் தெரிந்தவன் இனிமேல்தான் அதிகம் வேண்டும்.

எங்கே துவங்குவது?

தமிழ்நாட்டில் மேல்நிலை வகுப்பில் அந்த குரூப் கிடைத்த பிள்ளைகள் கம்ப்யூட்டர் விஞ்ஞானம் படிக்கிறார்கள். 2019-ல் வந்த பிளஸ் டூ புஸ்தகத்தில் 'பைத்தான்' மொழியே பாடமாக இருக்கிறது; தமிழிலும் புஸ்தகம் உண்டு. நல்லதுதான். ஆனால் பதினைந்து வயதுக்குப் பிறகு, சில குரூப்புகளுக்கு மட்டும் என்பது எந்த நியாயம்? கூட்டல் கழித்தலைப் பிளஸ் ஒன்னில் துவங்குகிறோமா? அஸ்திவாரத்தை ஆறாம் வகுப்பிலேயே, தமிழிலேயே, எல்லோருக்கும் துவங்கலாம். தமிழ் வார்த்தைகளாலேயே கட்டளை எழுதும் 'எழில்' என்ற மொழியை ஆர்வலர்கள் ஆக்கி, யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளும்படி விட்டிருக்கிறார்கள்.

வாசகசாலைத் தோழர்கள் காத்திருக்கக்கூட வேண்டியதில்லை. நியூசிலாந்தின் காண்டர்பரி பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் டிம் பெல்லும் அவருடைய சகாக்களும் யந்திரமில்லாமல் சொல்லிக் கொடுக்கும் விளையாட்டுகளைத் தொண்ணூறுகளிலேயே தொகுத்தார்கள். ஐந்து அட்டைகளை வெட்டுங்கள். 16, 8, 4, 2, 1 என்று புள்ளி வையுங்கள். ஐந்து பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி ஆளுக்கொன்று கொடுங்கள். 19 என்று சொன்னால் யார் யார் அட்டையைக் காட்ட வேண்டும்? 16, 2, 1. மற்ற இருவர் திருப்பிக் கொள்ள வேண்டும். இப்படி 31 வரை எந்த எண்ணையும் காட்டிவிடலாம். கம்ப்யூட்டர் எண்களை வைத்துக்கொள்வதும் இப்படித்தான் என்று அப்புறம் சொல்லுங்கள். இன்னொன்று: சங்க உறுப்பினர் பதிவேட்டில் அகரவரிசையில் ஆயிரம் பெயர் இருந்தால் ஒரு பெயரைத் தேட எத்தனை முறை புரட்ட வேண்டும்? நடுவில் திறந்து, முன்னா பின்னா என்று பார்த்து, பாதியைத் தள்ளிக்கொண்டே போனால் பத்து முறைக்குள் முடியும். வரிசையில்லாத பதிவேடானால் ஆயிரத்தையும் பார்க்க நேரிடும். எங்கள் பதிவேடு எந்த ரகம் என்று இங்கே எழுத எனக்குத் தைரியமில்லை.

இதையெல்லாம் சொல்வதால், "அட்டையே போதும், யந்திரம் எதற்கு?" என்று சர்க்கார் கையைக் கழுவிக்கொள்ள நாம் இடம் கொடுக்கக் கூடாது. நோட்டில் எழுதியதை யந்திரத்தில் ஓட்டிப் பார்க்கும்போதுதான் பிள்ளைக்குத் தன் தவறு தெரியும். 1985-ல் சோவியத் பிள்ளைகள் இழந்தது அதைத்தான். யந்திரம் வேண்டும், அறையில் பூட்டி வைக்காத யந்திரம் வேண்டும்.

அதற்கும் முன்னால் ஆசிரியர் வேண்டும். 2012-ல் தமிழ்நாட்டு சர்க்கார் பள்ளிகளில் 16 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்களை நியமித்தார்கள். ஓவியம், உடற்பயிற்சி, தையல், இசை ஆகியவற்றோடு கம்ப்யூட்டர் ஆசிரியர்களும் அதில் உண்டு. சம்பளம் மாதம் 5,000 ரூபாய். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார்கள். வேலையை நிரந்தரமாக்கக் கோரி அவர்கள் பலமுறை வீதிக்கு வந்தார்கள், கைதும் ஆனார்கள். கம்ப்யூட்டர் யுகம் என்று மேடையில் முழங்கிவிட்டு, அந்த யுகத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தர வேண்டியவரைக் கட்டிடக் கூலியைவிடக் குறைந்த சம்பளத்துக்கு நியமித்தது என்ன கணக்கு? ஆறாம் வகுப்பில் இந்தப் பாடம் வேண்டும் என்று கேட்கிற பெற்றோர் ஆசிரியர் கழகங்கள், அடுத்த கூட்டத்தில் அந்தச் சம்பளத்தையும் நிரந்தரத்தையும் முதல் தீர்மானமாக எழுதி அனுப்பட்டும்.